தலைவர் திரும்பாத குழுவின் கிறிஸ்துமஸ் கச்சேரி

கிளென் மில்லர் ஆர்க்கெஸ்ட்ரா என்ற ஸ்விங் ஜாஸ் குழு இன்றும் அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய் வாசித்துக்கொண்டிருக்கிறது. கிளென் மில்லர் காணாமல் போனது 1944-இல். தலைவர் போன பின்னும் அவர் பெயரிலேயே தொடரும் இப்படிப்பட்ட குழுக்களை ஜாஸ் வட்டாரத்தில் 'கோஸ்ட் பேண்ட்', அதாவது ஆவிக் குழு, என்று பாதி கேலியாகவும் பாதி பாசமாகவும் சொல்வார்கள். கவுன்ட் பேஸி குழு, டியூக் எலிங்டன் குழு எல்லாம் இந்த வகைதான். ஆண்டின் பெரும்பகுதியைப் பேருந்தில் கழிக்கும் மில்லர் குழுவுக்கு, நவம்பர் கடைசி தொடங்கி கிறிஸ்துமஸ் வரை ஒரு தனிப் பருவம் உண்டு. வழக்கமான நிகழ்ச்சி அப்போது கொஞ்சம் உருமாறும். பழைய ஸ்விங் பாடல்களுக்கு நடுவே பண்டிகைப் பாடல்கள் வந்து உட்காரும். பெருநகரத்து மேட்டுக்குடி அரங்குகளைவிட, சிறு நகரத்து நாடகக் கொட்டகைகளிலும் பள்ளி ஆடிட்டோரியங்களிலும்தான் இந்தக் கச்சேரிகள் அதிகம் நடக்கும். பகல் காட்சி வைத்தால், இரவில் வண்டி ஓட்டத் தயங்கும் பெரியவர்கள் நிறையப் பேர் வருவார்கள்.

மேடை அமைப்பு 1930களில் முடிவானது. இன்றுவரை பெரிதாக மாறவில்லை. முன்வரிசையில் ஐந்து சாக்ஸபோன்கள், அதற்குப் பின்னால் நான்கு டிராம்போன்கள், கடைசி வரிசையில் நான்கு டிரம்பெட்டுகள். ஒரு பக்கமாக பியானோ, டபுள் பேஸ், டிரம்ஸ். சில குழுக்களில் கிட்டாரும் சேரும். பாட ஓர் ஆணும் ஒரு பெண்ணும். பித்தளைக் கருவிக்காரர்களின் காலடியில் வரிசையாகச் சில பொருள்கள் கிடக்கும். கருவியின் வாயை அடைத்துச் சத்தத்தின் நிறத்தை மாற்றும் 'மியூட்'கள் அவை. அவற்றில் ஒன்று, கழிவறைக் குழாய் அடைப்பை எடுக்கப் பயன்படும் ரப்பர் கிண்ணமேதான். கைப்பிடியைக் கழற்றிவிட்டு, கடையில் வாங்கியபடியே பயன்படுத்துவார்கள். அதை டிரம்பெட்டின் வாயில் வைத்துத் திறந்து மூடினால், கருவி மனிதக் குரலில் முனகுவதுபோல இருக்கும். மில்லர் குழுவின் டிராம்போன்காரர்கள் இன்னொரு படி போய், வட்டத் தொப்பிகளைக் கருவியின் வாயில் பிடித்து ஒரே நேரத்தில் இடமும் வலமுமாக அசைப்பார்கள். இது காதுக்கும் வேண்டும், கண்ணுக்கும் வேண்டும். ஸ்விங் குழுக்கள் நடனக்கூடங்களிலும், சினிமாப் படம் மாறும் இடைவேளைகளில் தியேட்டர் மேடைகளிலும் வளர்ந்தவை. வேடிக்கை காட்டுவதை அவை ஒருநாளும் இழிவாக நினைத்ததில்லை.

ஸ்விங் என்ற சொல் ஒரு தாள நடையைக் குறிக்கிறது. ஒரு தட்டை இரண்டாகப் பிரித்தால் இரு பாதியும் சமமாக இருக்க வேண்டும் என்பது தாளில் எழுதிய கணக்கு. ஸ்விங்கில் முதல் பாதி நீளும், அடுத்த பாதி குறுகும். திஸ்ர நடையில் 'தகிட' என்று சொல்லிக்கொண்டே போய், நடுவிலுள்ள 'கி'யை மட்டும் விழுங்கிவிட்டால் ஏறக்குறைய அந்த ஊஞ்சல் அசைவு கிடைக்கும். ஏறக்குறையதான். மெதுவான பாட்டில் இந்த ஏற்றத்தாழ்வு நன்றாகத் தெரியும். வேகம் கூடக் கூட இரு பாதிகளும் சமத்தை நெருங்கும். எந்த வேகத்துக்கு எவ்வளவு என்று யாரும் எழுதி வைப்பதில்லை. குழுவில் பதினாறு பேரும் ஒரே அளவில் அதை உணர வேண்டும். டபுள் பேஸ் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சுரமாக நடந்துகொண்டே இருக்கும். நான்கு தட்டில் இரண்டாவதையும் நான்காவதையும் டிரம்ஸ்காரர் காலால் மிதிக்கும் இரட்டைத் தகடு அழுத்திக் காட்டும். கைதட்டும்போது ஒன்றிலும் மூன்றிலும் தட்டுகிறவர்களை ஜாஸ்காரர்கள் பரிதாபமாகப் பார்ப்பது இதனால்தான்.

இந்தப் பொதுவான ஸ்விங் நடைக்கு மேல் மில்லர் சேர்த்தது ஓர் ஒலி. 1904-இல் அயோவா மாநிலத்தின் கிளாரிண்டா என்ற ஊரில் பிறந்த மில்லர், டிராம்போன்காரர். தம் காலத்து டாமி டார்சியின் அளவுக்குத் தம்மால் வாசிக்க முடியாது என்று தெரிந்தவர். அவருடைய பலம், எந்தக் கருவி எதை வாசிக்க வேண்டும் என்று எழுதித் தரும் அரேஞ்சர் வேலையில் இருந்தது. 1937-இல் தொடங்கிய முதல் குழு ஓராண்டுகூடத் தாங்கவில்லை. 1938-இல் தொடங்கிய இரண்டாவது குழுவில்தான் அந்த ஒலி உறுதிப்பட்டது. சாக்ஸபோன் வரிசையில் ஒருவர் கிளாரினெட்டை எடுத்து மெட்டை மேலே வாசிப்பார். அதே மெட்டை ஒரு டெனர் சாக்ஸபோன் ஒரு ஸ்தாயி கீழே பிடித்துக்கொள்ளும். மற்ற மூன்று சாக்ஸபோன்களும் இரண்டுக்கும் இடையிலுள்ள சந்தில் இணைசுரங்களை நெருக்கமாக அடுக்கும். கேட்பவருக்கு இதில் எந்தக் கருவியும் தனியாகத் தெரியாது. பட்டுத்துணி போல ஒன்றாக ஒரு சத்தம் வரும். 'மூன்லைட் செரினேட்' என்ற அடையாளப் பாட்டின் முதல் இரண்டு நொடியிலேயே இது மில்லர் குழு என்று தெரிந்துவிடும். 1939 கோடையில் நியூயார்க்கை ஒட்டிய நியூ ரோஷெல் ஊரின் கிளென் ஐலண்ட் காசினோவில் குழு வாசித்தது. அங்கிருந்து வானொலி அதை நாடெங்கும் கொண்டுபோனது. அதன்பின் 1942 வரை அமெரிக்காவில் அதற்கு இணையான செல்வாக்குள்ள குழு கிடையாது.

ஜாஸ் விமர்சகர்களில் ஒரு சாராருக்கு மில்லரை அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. எல்லாம் எழுதி வைத்த வாசிப்பு, கற்பனைக்கு இடமில்லை, ஜாஸில் சர்க்கரை கலந்துவிட்டார் என்பது குற்றச்சாட்டு. கவுன்ட் பேஸியின் குழுவைக் கேட்டுவிட்டு மில்லரைக் கேட்டால் அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இருப்பது தெரியும். ஆனால் கிறிஸ்துமஸ் கச்சேரி என்று வரும்போது அதே குறை ஒரு வசதியாகிவிடுகிறது. பண்டிகைக்குக் கேட்க வருகிறவர் புதிதாக ஒன்றைத் தேடி வருவதில்லை. தாத்தா வீட்டு இசைத்தட்டில் கேட்டது அப்படியே வர வேண்டும் என்றுதான் வருகிறார். ஒலியெல்லாம் இசைத்தாளிலேயே எழுதப்பட்டிருப்பதால், ஆட்கள் எத்தனை முறை மாறினாலும் தாளைப் பார்த்து வாசிக்கத் தெரிந்த இளைஞர்கள் அதே ஒலியைத் தந்துவிட முடியும். இன்றைய குழுவில் வாசிப்பவர்கள் மில்லர் காலமாகிப் பல பத்தாண்டுகள் கழித்துப் பிறந்தவர்கள். பேஸியோ எலிங்டனோ போனபின் அவர்கள் குழுக்கள் இழந்த அளவுக்கு மில்லர் குழு இழக்கவில்லை என்றால், காரணம் இதுதான்.

மில்லருக்கும் டிசம்பருக்கும் உள்ள தொடர்பு இசையோடு முடியவில்லை. 1942 செப்டம்பரில், புகழின் உச்சியில், அவர் குழுவைக் கலைத்துவிட்டு ராணுவத்தில் சேர்ந்தார். அங்கே விமானப் படைக்கென ஒரு பெரிய இசைக்குழுவை உருவாக்கினார். டபிள்யூ. சி. ஹேண்டியின் 'செயின்ட் லூயிஸ் புளூஸ்' பாட்டை அணிவகுப்பு நடைக்கு மாற்றி வாசித்தது இந்தக் குழுதான். பழைய அணிவகுப்பு இசைக்குப் பழகிய அதிகாரிகள் சிலர் முகம் சுளித்தார்கள். 1944 கோடையில் குழு இங்கிலாந்துக்குப் போய், பெட்ஃபோர்டு நகரை மையமாக வைத்துக்கொண்டு படை முகாம்களிலும் வானொலியிலும் வாசித்தது. பாரிஸ் விடுவிக்கப்பட்ட பிறகு, குழுவை அங்கே கொண்டுபோகும் ஏற்பாடுகளைச் செய்ய மில்லர் முன்னதாகக் கிளம்பினார். டிசம்பர் 15 அன்று டுவின்வுட் ஃபார்ம் விமானத்தளத்திலிருந்து ஒற்றை எஞ்சின் 'நார்ஸ்மன்' விமானம் புறப்பட்டது. அதில் விமானி உட்பட மூன்று பேர். மோசமான வானிலையில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் வழியில் அது மறைந்துவிட்டது. விமானமும் கிடைக்கவில்லை, ஆட்களும் கிடைக்கவில்லை. செய்தி வெளியானது டிசம்பர் 24 அன்று. பாரிஸில் குழு தலைவர் இல்லாமலே வாசித்தது.

இந்தச் சம்பவத்தைக் கிறிஸ்துமஸோடு ஒட்டவைத்துக் கெட்டிப்படுத்தியது சினிமா. ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்து 1954-இல் வெளியான 'தி கிளென் மில்லர் ஸ்டோரி' படத்தின் இறுதிக் காட்சியில், மில்லரின் மனைவி வீட்டில் வானொலிக்கு அருகில் உட்கார்ந்து பாரிஸின் கிறிஸ்துமஸ் ஒலிபரப்பைக் கேட்கிறார். கணவர் தமக்காகவே புதிதாக ஏற்பாடு செய்துவைத்த 'லிட்டில் பிரவுன் ஜக்' பாட்டு அதில் வருகிறது. கண்ணீர் விடாமல் அந்தக் காட்சியைத் தாண்டுவது கடினம். ஆனால் அது கட்டுக்கதை. அந்தப் பாட்டை மில்லர் குழு 1939-இலேயே பதிவு செய்துவிட்டது. குழுவின் ஆரம்ப கால வெற்றிகளில் அதுவும் ஒன்று. இன்றைய கச்சேரிகளில் அது வரும்போது பெரியவர்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள் என்றால், அதற்குப் பாதிக் காரணம் படம்.

இன்றைய குழு பிறந்ததற்கும் அந்தப் படமே காரணம். போருக்குப் பின் 1946 முதல் சில ஆண்டுகள், மில்லரிடம் பாடியும் சாக்ஸபோன் வாசித்தும் பெயர் வாங்கிய டெக்ஸ் பெனெக்கி அந்தப் பெயரில் ஒரு குழுவை நடத்தினார். பிறகு மில்லர் குடும்பத்தாரோடு கருத்து வேறுபட்டுப் பிரிந்தார். அந்தக் காலம் 'பிக் பேண்ட்' எனப்படும் இந்தப் பெரிய குழுக்களுக்கே கெட்ட காலம். இசைக்கலைஞர் சங்கம் 1942 ஆகஸ்டில் தொடங்கிய ஒலிப்பதிவு வேலைநிறுத்தத்தின்போது கருவிக்காரர்கள் ஸ்டூடியோ வாசலை மிதிக்கவில்லை. பாடகர்கள் மட்டும் பதிவு செய்து பெரிய நட்சத்திரங்களாகிவிட்டார்கள். 1944-இல் நடனக்கூடங்கள் மீது கனமான வரி விழுந்தது. பதினைந்து இருபது பேருக்குச் சம்பளமும் பேருந்தும் சாப்பாடும் கொடுத்து ஊர் சுற்றுவது கட்டுப்படியாகாமல் போனது. 1946 டிசம்பரை ஒட்டிய சில வாரங்களில் பென்னி குட்மன், ஹாரி ஜேம்ஸ், டாமி டார்சி, உடி ஹெர்மன் உள்பட எட்டுப் பெரிய தலைவர்கள் தங்கள் குழுக்களைக் கலைத்தார்கள். எட்டாண்டு கழித்துப் படம் ஓடிய பிறகுதான் பழைய பாட்டுகளுக்கு மறுபடி கிராக்கி வந்தது. 1956-இல் மில்லர் குடும்பத்தார், ராணுவக் குழுவில் டிரம்ஸ் வாசித்த ரே மெக்கின்லியைத் தலைவராக்கிக் குழுவை மீண்டும் தொடங்கினார்கள். கிளாரினெட் மேதை பட்டி டிஃப்ராங்கோ உட்பட எத்தனையோ பேர் அதன்பின் அந்தப் பொறுப்பில் இருந்திருக்கிறார்கள். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் உரிமம் பெற்ற கிளைக் குழுக்களும் உண்டு.

இனி நிகழ்ச்சி. 'மூன்லைட் செரினேட்' ஒலிக்கத் திரை விலகும். இரண்டு மூன்று பழைய பாட்டுகளுக்குப் பிறகு முதல் பண்டிகைப் பாட்டு வரும்; பெரும்பாலும் அது 'ஜிங்கிள் பெல்ஸ்' ஆக இருக்கும். ஜேம்ஸ் பியர்பான்ட் 1857-இல் வெளியிட்ட இந்தப் பாட்டின் வரிகளில் கிறிஸ்துமஸ் என்ற சொல்லே கிடையாது. பனிச்சறுக்கு வண்டியில் ஊர் சுற்றும் குதூகலம் மட்டும்தான். அந்த வண்டிக் குதிரையின் கழுத்துமணிக்காக டிரம்ஸ்காரரோ பாடகரோ சலங்கைக் கொத்து ஒன்றைக் கையில் எடுத்துக் குலுக்குவார். மெட்டில் ஒரே சுரம் மூன்று முறை அடுத்தடுத்து வரும். குழந்தைகூட ஒற்றை விரலில் பியானோவில் தட்டிவிடலாம். அரேஞ்சருக்கு இதைவிட நல்ல தீனி கிடைக்காது. முதல் சுரத்தைத் தட்டுக்கு அரை மாத்திரை முன்னால் தள்ளலாம், இரண்டாவதை விழுங்கலாம், மூன்றாவதை டிரம்பெட்டுகள் கத்தட்டும் என்று விட்டுவிடலாம். எவ்வளவு சிதைத்தாலும் கேட்பவர் மனதில் மூலமெட்டு ஓடிக்கொண்டிருக்கும். அந்த மெட்டுக்கும் மேடையில் நடப்பதற்கும் உள்ள இடைவெளிதான் ரசனை. பென்னி குட்மன் 1935-இலேயே இந்தப் பாட்டைப் பதிவு செய்துவிட்டார். மில்லர் குழுவின் 1941 பதிவில் டெக்ஸ் பெனெக்கியோடு மாடர்னேர்ஸ் என்ற நால்வர் குரல்குழு சேர்ந்துகொள்ள, டெக்சாஸில் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்த சாக்ஸபோன்காரர் எர்னி கசேரெஸ் நடுவில் புகுந்து ஸ்பானிய வாடையோடு பாடி அமர்க்களப்படுத்துவார்.

அமெரிக்கக் கிறிஸ்துமஸ் பாட்டுகளில் பாதிக்கு மேல் ஸ்விங் குழுவின் கைக்கு இவ்வளவு வாகாக அமைந்தது தற்செயலானதல்ல. அவை தேவாலயத்தில் பிறக்கவில்லை. நியூயார்க்கின் பாட்டுச் சந்தையிலும் ஹாலிவுட்டிலும், ஸ்விங் குழுக்களுக்கு மற்றப் பாட்டுகளை எழுதிக்கொடுத்த அதே கைகளால், பெரும்பாலும் அதே ஆண்டுகளில் எழுதப்பட்டவை. எட்டு அளவுகள் (தாளச் சுற்றுகள்) கொண்ட ஒரு பகுதி, அதே பகுதி மறுபடி, பிறகு மாறுதலாக ஒரு பகுதி, மீண்டும் முதல் பகுதி என 32 அளவில் முடியும் வடிவம் இரண்டு தரப்புக்கும் பொது. ஜாஸ்காரர்களுக்கு அந்தக் கணக்கு தூக்கத்திலும் தவறாது. எழுதியவர்களில் பலர் யூதர்கள் என்பது இன்னொரு சுவாரசியம். 'ஒயிட் கிறிஸ்துமஸ்' எழுதிய அர்விங் பெர்லின், ரஷ்யப் பேரரசிலிருந்து சிறுவனாகக் குடிபெயர்ந்து வந்த யூதர். குழந்தை இயேசுவோ மாட்டுத்தொழுவமோ இந்தப் பாட்டுகளில் வராது. பனியும் கணப்பும் வீட்டு ஏக்கமும் வரும். யார் வேண்டுமானாலும் பாடலாம். எழுதியபோது வெயில் கொளுத்தியது என்பது அடுத்த வேடிக்கை. 'லெட் இட் ஸ்னோ'வை ஸாமி கானும் ஜூல் ஸ்டைனும் 1945 ஜூலையில் ஹாலிவுட் புழுக்கத்தில் எழுதினார்கள். மெல் டார்மேயும் பாப் வெல்ஸும் 'தி கிறிஸ்துமஸ் ஸாங்'கை எழுதியதும் அதே கோடையில், அதே கலிஃபோர்னியாவில்தான்.

'ஒயிட் கிறிஸ்துமஸ்' வரும்போது அரங்கின் விளக்குகள் மங்கும். பிங் கிராஸ்பி இதை முதலில் வானொலியில் பாடியது 1941 கிறிஸ்துமஸ் அன்று. பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. அடுத்த ஆண்டு இதன் இசைத்தட்டும், இது இடம்பெற்ற படமும் வந்தன. அதற்குள் லட்சக்கணக்கானவர்கள் கடல் கடந்து போய்விட்டிருந்தார்கள். வீடு திரும்பும் ஏக்கம் மட்டுமே உள்ள இந்தப் பாட்டைப் போடச் சொல்லி ராணுவ வானொலிக்குத் திரும்பத் திரும்ப எழுதினார்கள் சிப்பாய்கள். மில்லரின் மங்கிய கிளாரினெட் ஒலிக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு அமைவது அரிது. பல பிக் பேண்ட் நிகழ்ச்சிகளில் இதன் பக்கத்திலேயே படைப்பிரிவுப் பாட்டுகளின் தொகுப்பு ஒன்றும் வரும். தரைப்படை, கடற்படை, விமானப்படை என ஒவ்வொன்றின் பாட்டும் ஒலிக்கும்போது, அந்தப் பிரிவில் பணியாற்றியவர்கள் இருக்கையிலிருந்து எழுந்து நிற்பார்கள். எழுந்து நிற்கும் இரண்டாம் உலகப் போர்க்காரர்கள் ஆண்டுக்காண்டு குறைந்து, இப்போது பெரும்பாலும் வியட்நாம் காலத்தவர்கள்தான் நிற்கிறார்கள்.

தேவாலயப் பாட்டுகளைக் கையாளுவது வேறு கணக்கு. 1818-இல் ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃபில் முதலில் பாடப்பட்ட 'சைலன்ட் நைட்' மும்மையாக அசையும் தாலாட்டு. அதை நான்கு தட்டுக்குள் இழுத்துப் போட்டு ஸ்விங் செய்தால் பெரும்பாலும் அசிங்கமாகத்தான் இருக்கும். நல்ல அரேஞ்சர்கள் அதைத் தொடாமல் சாக்ஸபோன்களின் மெல்லிய அடுக்கில் அப்படியே விட்டுவிடுவார்கள். செவ்வியல் இசையில் கைவைத்து ஜெயித்த கதைக்கு எலிங்டனிடம் போக வேண்டும். 1960-இல் அவரும் பில்லி ஸ்ட்ரேஹார்னும் கிறிஸ்துமஸ் பருவத்தோடு ஒட்டிப்போன சாய்க்கோவ்ஸ்கியின் 'நட்கிராக்கர்' தொகுப்பை முழுதாக ஜாஸுக்கு மாற்றினார்கள். மூலத்தில் செலெஸ்டா என்ற கருவி கண்ணாடி மணிபோல் ஒலிக்கும் சர்க்கரைத் தேவதையின் நடனம், இங்கே 'ஷுகர் ரம் செர்ரி' ஆகி, டெனர் சாக்ஸபோனில் சோம்பலாகவும் கொஞ்சம் குறும்பாகவும் நெளிந்து வரும். பூக்களின் வால்ட்ஸ் மூன்று தட்டை விட்டுவிட்டு நான்கு தட்டில் துள்ளும். இசைத்தட்டின் உறையில் எலிங்டன், ஸ்ட்ரேஹார்ன் பெயர்களோடு சாய்க்கோவ்ஸ்கிக்கும் சம இடம் கொடுத்திருந்தார்கள். டிசம்பர் ஜாஸ் கச்சேரிகளில் இசைக்காக மட்டுமே கேட்கத் தகுந்தது எது என்றால் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும். மில்லர் குழுவின் நிகழ்ச்சியில் இதற்கு இணையான துணிச்சல் எதிர்பார்க்கக் கூடாது.

கடைசியில் கிறிஸ்துமஸ் ஒதுங்கிக்கொள்ள, எல்லாரும் காத்திருந்தது வரும். 1939 ஆகஸ்ட் 1-இல் பதிவான 'இன் த மூட்', மில்லர் இயற்றியது அல்ல. அதன் மையத் துணுக்கு விங்கி மனோனின் 1930 பதிவு ஒன்றிலேயே இருக்கிறது. ஜோ கார்லண்ட் அதை முழுப் பாட்டாக்கினார். மில்லர் வெட்டிச் சுருக்கிச் செதுக்கினார். டெக்ஸ் பெனெக்கியும் ஆல் கிளிங்க்கும் பதிவில் மாறி மாறி வாசித்த சாக்ஸபோன் சண்டையை இன்றைய குழுவில் இருவர் எழுந்து நின்று வாசிப்பார்கள். முடிவில் மில்லர் செய்த தந்திரம்தான் பாட்டின் உயிர். ஒரே துணுக்கு திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு முறையும் சத்தம் இறங்கும். டிராம்போன்கள் அடியில் ஒரு நீண்ட சுரத்தை உறுமிவிட்டு நிற்கும். மூச்சுச் சத்தம் அளவுக்குக் குறைந்ததும் புதிதாக வந்தவர்கள் முடிந்துவிட்டது என்று கைதட்டத் தொடங்குவார்கள். அந்தக் கைதட்டலின் மேல் மொத்தக் குழுவும் முழுச் சத்தத்தில் வந்து விழும்.